மெலிந்த புத்தகங்களும் வராத புத்தகங்களும்

"நூலகராக இருக்கிறீர்களே, சமீபத்தில் படித்ததில் மனசில் நின்றது எது? வரப்போகிற புத்தகங்களில் எதற்குக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் என் மேசைக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது "கழிப்பறை எந்தப் பக்கம்?", "பிரிண்ட் எடுக்க முடியுமா?" என்பதைத்தான். இந்த மாதிரிக் கேள்வி வருவது அபூர்வம். அதனால் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்று. நூலகர் நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். வேலை நேரத்தில் நான் படிப்பது அட்டையின் முதுகு, பின்னட்டைக் குறிப்பு, முன்னுரையில் இரண்டு பத்தி. வகைப்பாட்டு எண் போட அது போதும். முழுசாகப் படிப்பது வீட்டில், தூக்கத்தைக் கடன் வாங்கி. எதைப் படிப்பது என்று முடிவு செய்ய எனக்கொரு குறுக்குவழி உண்டு. திரும்பி வந்த புத்தகத்தை மூடி, முதுகுக்கு எதிர்ப்பக்கத்தைத் திருப்பி, தாள்களின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். விரல் பட்ட பக்கங்கள் லேசாகப் பழுப்பேறியிருக்கும், படாதவை வெள்ளையாகவே இருக்கும். பழுப்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஜனங்கள் கைவிட்டிருக்கிறார்கள். தடித்த நாவல்களில், அதுவும் பரிசு வாங்கியவற்றில், அந்தக் கோடு பல நேரம் கால்வாசியிலேயே நின்றுவிடும். கடைசித் தாள்வரை சீராக அழுக்கேறிய புத்தகம் கையில் கிடைத்தால் அன்றைக்கே என் பெயரில் பதிந்து எடுத்துக்கொண்டு போய்விடுவேன். மதிப்புரைகளைவிட இந்த அழுக்கை நம்புகிறேன்.

அப்படி நம்பி நம்பியே மெலிந்த புத்தகங்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' 2024-இல் புக்கர் பரிசு பெற்றது. 136 பக்கம்தான். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், பூமியில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவர்கள் பூமியைப் 16 முறை சுற்றுகிறார்கள், 16 விடியல், 16 அந்தி. இரவல் வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் "சார், இதுல எதுவுமே நடக்கலையே" என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். உண்மைதான், பெரிதாக ஒன்றும் நடக்காது. கீழே பசிபிக்கில் ஒரு பெரும்புயல் திரண்டுகொண்டிருக்கிறது, இவர்கள் மேலிருந்து படம் எடுக்கிறார்கள். ஜப்பானியப் பெண்ணொருத்திக்குத் தாய் இறந்த செய்தி வருகிறது. இறங்கிப் போய்ப் பார்க்க வழியில்லை. அந்தப் பெண்ணின் துக்கத்தை ஆசிரியர் ஊதிப் பெருக்காமல், அடுத்த சுற்று, அடுத்த கண்டம் என்று நகர்ந்துகொண்டே இருக்கிறார். நான் முதல் முறை வேகமாகப் படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று மூடிவைத்தேன். இரண்டாவது முறை ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் படித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. வாசிப்பின் வேகம் தப்பாகப் போனால் நல்ல புத்தகமும் உப்புச்சப்பில்லாமல் போய்விடும் என்பதற்கு இதைத்தான் இப்போதெல்லாம் உதாரணம் காட்டுகிறேன்.

க்ளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' அதைவிடச் சின்னது, 116 பக்கம், 2021-இல் வந்தது. 1985-ஆம் ஆண்டு அயர்லாந்து. நிலக்கரி வியாபாரி ஒருவர், ஐந்து பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், கன்னியர் மடத்துக்குக் கரி இறக்கப் போகிறார். கரிக் கொட்டகைக்குள் ஒரு பெண் அடைபட்டிருப்பதைப் பார்க்கிறார். மக்தலேன் சலவைக்கூடங்கள் என்ற பெயரில் அந்நாட்டில் பெண்களை வைத்து வேலை வாங்கிய அமைப்பின் கடைசிக் கூடம் 1996-இல்தான் மூடப்பட்டது, அரசு மன்னிப்புக் கேட்டது 2013-இல். இந்த வரலாற்றையெல்லாம் கீகன் கதைக்குள் கொட்டவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்துக்கு நடுவே ஒரு சாதாரண மனிதர் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. முடிவைச் சொல்லமாட்டேன். எங்கள் பிரதியின் விளிம்பு முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரே நிறம்.

சிறுகதைத் தொகுப்புகளுக்கு நூலகத்தில் ஒரு சாபம் உண்டு. நாவலை எடுப்பவர் தொகுப்பை எடுப்பதில்லை. "கதைக்குள்ள போறதுக்குள்ள முடிஞ்சிடுது" என்பார்கள். கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக்கின் 'ஹார்ட் லேம்ப்' 2025-இல் சர்வதேச புக்கர் பெற்ற பிறகு அந்தச் சாபம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் சிறுகதைத் தொகுப்பு அது. 1990 முதல் 2023 வரை எழுதியவற்றிலிருந்து 12 கதைகள். ஆசிரியர் வழக்கறிஞர். வீட்டுக்குள் நடக்கும் அநியாயத்தை சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பேசவைப்பது போல எழுதுகிறார், ஆனால் நடுவே சிரிப்பும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆக்கிய தீபா பஸ்தி அடிக்குறிப்பு போடவில்லை. கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் தனியாக நிறுத்தவும் இல்லை. தெரியாத சொல்லா, கதையோடு போங்கள், தானாகப் புரியும் என்று விட்டுவிடுகிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. பரிசுத்தொகை 50,000 பவுண்டு, அதில் ஆசிரியருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி. நூலக அட்டவணைகளில் இன்றும் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பதியாமல் விடுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் காதில் இந்தக் கணக்கு விழட்டும்.

தமிழில் ஒன்று சொல்லவேண்டும் என்றால் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். தலைப்பு புறநானூற்றில் கணியன் பூங்குன்றனாரின் பாட்டிலிருந்து வந்தது. ஆற்று நீரோடு போகும் புணையைப் பற்றிய அதே வரிதான். குடிநாவிதர் குடும்பம் ஒன்றின் சாவு வீட்டில் உறவுகள் கூடுகின்றன, பழைய கணக்குகள் ஒவ்வொன்றாய் வெளியே வருகின்றன. இதுவும் பெரிய புத்தகமில்லை. இதற்குமேல் சொன்னால் கதையைச் சொன்னதாகிவிடும்.

இப்போது என் தொழில் பைத்தியத்துக்குத் தீனி போட்ட ஒன்று. டென்னிஸ் டங்கன் எழுதி 2021-இல் வந்த 'இண்டெக்ஸ், எ ஹிஸ்டரி ஆஃப் தி'. புத்தகத்தின் கடைசியில் அகரவரிசையில் இருக்குமே, பொருளடைவு, அதன் வரலாறு. ஒரு முழுப் புத்தகம் எழுத அதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

1230 வாக்கில் பாரிஸில், சென் ஜாக் மடத்தில், ஹியூ என்ற துறவியின் மேற்பார்வையில் விவிலியத்துக்குச் சொல்லடைவு ஒன்று தயாராகிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றும் எங்கெங்கே வருகிறது என்ற குறிப்போடு. அச்சு இல்லாத காலம். ஒவ்வொரு கையெழுத்துப் படியிலும் பக்கம் வேறு வேறு இடத்தில் முடியும். அப்படியானால் "எங்கே" என்று எப்படிச் சொல்வது? அவர்கள் கண்ட வழி, ஒவ்வொரு அதிகாரத்தையும் மனசுக்குள் ஏழு சம பங்காகப் பிரித்து, a முதல் g வரை எழுத்துக் கொடுப்பது. சொல்லைத் தேடுகிறவர் அதிகாரத்தைத் திறந்து, அந்த எழுத்துக்குரிய ஏழில் ஒரு பங்கில் கண்ணை ஓட்ட வேண்டியதுதான். தாளுக்கு அச்சில் எண் போடுவது 1470-இல் கொலோன் நகரில் அச்சான ஒரு பிரசங்க நூலில்தான் முதன்முதலாகத் தெரிகிறது. இடைப்பட்ட 240 ஆண்டுகள் ஜனங்கள் அச்சிட்ட பக்க எண்ணே இல்லாமல் தேடியிருக்கிறார்கள். இதைப் படித்த மறுநாள் வேலைக்குப் போய் ஒரு பழைய அகராதியைத் திறந்து பக்க எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த சக ஊழியர் உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டார்.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு சுவை, பொருளடைவு வந்தபோது படிப்பாளிகள் அலறியது. இனி எவனும் புத்தகத்தை முழுசாகப் படிக்கமாட்டான், பின்பக்கத்தைப் புரட்டிவிட்டு மேதாவிபோல் பேசுவான் என்று. இன்று தேடுபொறியைப் பற்றி நாம் புலம்புவது அதே ராகம். கடைசியில் ஒரு விளையாட்டும் உண்டு. அந்தப் புத்தகத்துக்கே கணினி நிரல் செய்த பொருளடைவின் ஒரு பகுதியும், பவுலா க்ளார்க் பெய்ன் என்ற தொழில்முறை அடைவாளர் செய்த முழு அடைவும் அடுத்தடுத்து இருக்கின்றன. நிரல் சொற்களைப் பொறுக்கிப் போட்டிருக்கிறது. மனிதர் செய்ததில் நகைச்சுவை இருக்கிறது, வாசகர் எதைத் தேடுவார் என்ற ஊகமும் இருக்கிறது. நான் முதலில் படித்தது அந்த அடைவைத்தான்.

இரேனே வயேஹோவின் 'பாப்பிரஸ்' இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. பண்டைய உலகில் புத்தகம் எப்படிப் பிறந்தது என்பது. ஸ்பானிஷில் 2019-இல் வந்தது. அலெக்சாந்திரியா நூலகத்துக்காக எகிப்தின் அரசர்கள் செய்த அட்டகாசங்கள் எங்கள் ஆட்களுக்குக் கொண்டாட்டம். மூன்றாம் தாலமி ஏதென்ஸிடம் துன்பியல் நாடகங்களின் மூலப்படிகளை 15 தாலந்து வெள்ளியை வைப்பாகக் கட்டி இரவல் வாங்கி, நகலைத் திருப்பி அனுப்பிவிட்டு மூலத்தை வைத்துக்கொண்டானாம், வைப்பு போனால் போகட்டும் என்று. பண்டைய மருத்துவர் கேலன் சொன்ன கதை. அன்றைய உலகின் மிகப் பெரிய நூலகம் இரவல் விதியை மீறித்தான் வளர்ந்திருக்கிறது.

பிடித்தும் பிடிக்காமலும் போனது ஒன்று. கார்சியா மார்க்கேஸின் 'அன்டில் ஆகஸ்ட்'. அவர் இறந்தது 2014-இல், புத்தகம் வந்தது 2024 மார்ச் 6-இல், அவர் பிறந்தநாளன்று. நினைவு மங்கிய கடைசிக் காலத்தில் எழுதித் திருத்தி, இது தேறாது, அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மகன்கள் அழிக்கவில்லை. அம்மாவின் கல்லறைக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று தீவுக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. முதல் அத்தியாயம் அந்தப் பழைய கை எழுதியதேதான். பிறகு இழை தொய்கிறது, சொன்னதையே சொல்கிறது. அவர் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டே கடைசிவரை படித்தேன். அழித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன் என்பதும் உண்மை. நூலகரிடம் இந்த விஷயத்தில் நியாயம் எதிர்பார்க்காதீர்கள். எதையும் எரிக்கவே மனசு வராது.

சரி, காத்திருப்பது.

அடுத்த சில மாதங்களில் வரப்போகும் புத்தகங்களை நான் "ஆவலோடு எதிர்பார்ப்பது" குறைவு. அவை எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பதிப்பகங்கள் மாதக்கணக்கில் முன்னதாகப் பட்டியல் அனுப்பும், பிழைதிருத்தாத முன்பிரதியும் சில நேரம் வரும். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1971-இலிருந்தே, அச்சாவதற்கு முன்பே நூலுக்கு அட்டவணைக் குறிப்பு தயாரித்துப் பதிப்பகத்துக்குக் கொடுக்கிறது. ஆங்கிலப் புத்தகங்களின் காப்புரிமைப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமாக அதைப் பார்த்திருப்பீர்கள். கூர்ந்து பாருங்கள். ஆசிரியர் பெயர் இருக்கும், தலைப்பு இருக்கும், பொருள் தலைப்புகள் இருக்கும். ஆனால் "பக்கங்கள்" என்ற சொல்லுக்கு முன்னால் எண் இருக்காது. குறிப்பு எழுதும்போது புத்தகம் எத்தனை பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாதல்லவா? அந்த வெற்றிடம் எனக்குப் பிடித்த இடம். புத்தகம் வந்து சேர்ந்ததும் எண்ணிப் பார்த்து நிரப்புவது எங்கள் வேலை.

என் காத்திருப்பெல்லாம் அந்த வெற்றிடம் ரொம்ப நாளாக நிரம்பாத புத்தகங்களுக்குத்தான்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' (தொலைக்காட்சியில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்') வரிசையின் ஆறாவது பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாவது 2011 ஜூலையில் வந்தது. இதை எழுதும்வரை ஆறாவது வரவில்லை. அதைக் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதற்கென்றே ஒரு முகபாவம் வைத்திருக்கிறேன்.

நான் நிஜமாகவே ஏங்குவது ராபர்ட் காரோவுக்கு. அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை மூன்று பாகமாக எழுதலாம் என்று தொடங்கினார். முதல் பாகம் 1982, இரண்டாவது 1990, மூன்றாவது 2002, நான்காவது 2012. ஐந்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் பிறந்தது 1935-இல், மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஓர் அரசியல்வாதியின் வரலாற்றில் அப்படி என்ன என்று கேட்பவர்களுக்கு முதல் பாகத்தில் மின்சாரம் வருவதற்கு முந்தைய டெக்சாஸ் மலைநாட்டுப் பெண்களைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துக் கொடுப்பேன். காரோவும் மனைவி ஐனாவும் அந்தப் பகுதிக்கே குடிபோய் மூன்று ஆண்டுகள் இருந்தார்கள். வயதான பெண்கள் அவரை நகரத்துப் பிள்ளை, உனக்கு ஒரு வாளித் தண்ணீரின் கனம் தெரியாது என்று சொல்லி, கிணற்றில் வாளியை இறக்கி இழுக்கச் சொன்னார்கள். இழுத்துப் பார்த்தார். அந்தக் கனம் எழுத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், கிணறு எவ்வளவு தூரம், அதற்கு எத்தனை நடை என்று அடுக்கிவிட்டு, அப்புறம்தான் ஜான்சன் கொண்டுவந்த மின்கம்பியைக் காட்டுகிறார். பத்திரிகையில் இருந்த நாளில் ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சொன்ன புத்தி, எதையும் அனுமானிக்காதே, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டு என்பது. அவர் புத்தகம் தாமதமாவதற்குக் காரணமும் அதுதான். ஆவணப் பெட்டிகளைக் கட்டிக் காக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

கணினி அறிஞர் டொனால்ட் நூத் இன்னொரு ரகம். 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' முதல் தொகுதி 1968. நான்காவது தொகுதி பெருத்துப் போய் 4ஏ 2011-இல், 4பி 2022-இல். ஐந்தாவது இன்னும் வரவில்லை. இடையில் ஏன் இவ்வளவு இடைவெளி என்றால், 1977-இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் எழுத்து அவருக்குப் பிடிக்கவில்லை. சலித்துக்கொண்டு விட்டுவிடாமல், எழுத்துக் கோக்கும் மென்பொருளையே எழுத உட்கார்ந்துவிட்டார். அதுதான் டெக். இன்று கணித உலகம் முழுக்க அதில்தான் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறது. எனக்குக் கணிதம் அரைகுறை, அவர் புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கு புரிந்தால் அதிகம். ஆனாலும் அடுக்கில் 4பி-க்குப் பக்கத்தில் நான்கு விரல்கடை இடம் விட்டே வைத்திருக்கிறேன். இட நெருக்கடி வரும்போதெல்லாம் அதன்மேல்தான் எல்லோர் கண்ணும் விழுகிறது.

பழைய புத்தகத்துக்கும் காத்திருக்கலாம். கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது ஹெர்குலேனியத்தில் ஒரு மாளிகையின் பாப்பிரஸ் சுருள்கள் கரிக்கட்டையாகிப் புதைந்தன. 1750-களில் தோண்டி எடுத்தார்கள். பிரிக்கப் போனால் பொடியாகிவிடும், அதனால் நூற்றுக்கணக்கானவை பிரிக்காமலே கிடந்தன. சுருளை எக்ஸ்-ரேயால் படமெடுத்து, கணினிக்குள் விரித்து, மையின் தடத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று 2023-இல் ஒரு போட்டி அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் முதல் முழுச் சொல் தெரிந்தது, ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில் மூன்று இளைஞர்கள் இரண்டாயிரம் எழுத்துகளுக்கு மேல் படித்துக் காட்டி 7,00,000 டாலர் பெற்றார்கள். அதில் தெரிந்த வாசகம் இன்பத்தைப் பற்றியது. அரிதாகக் கிடைப்பது, தாராளமாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று கேட்டு, அப்படியொன்றும் உடனே நம்பிவிட முடியாது என்கிறார் அந்த ஆசிரியர். கிட்டத்தட்ட பதினேழு நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்துவிட்டு வந்த சுருள் இதைச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். மீதிச் சுருள்களுக்கு அட்டவணை எழுதப்போகும் ஆள்மேல் எனக்குப் பொறாமை.

கடைசியாக, நான் படிக்கவே முடியாத ஒன்று. ஸ்காட்லாந்துக் கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2014-இல் நார்வே தலைநகர் ஆஸ்லோவுக்கு வெளியே காட்டில் 1,000 ஸ்ப்ரூஸ் கன்றுகளை நட்டார். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் வீதம் நூறு ஆண்டுகள் கையெழுத்துப் படி கொடுப்பார்கள், 2114-இல் அந்த மரங்களிலிருந்து வரும் தாளில் எல்லாம் அச்சாகும். அதுவரை யாரும் படிக்கக்கூடாது. முதலில் கொடுத்தவர் மார்கரெட் அட்வுட். கொரிய எழுத்தாளர் ஹான் காங் 2019-இல் காட்டு வழியே நீளமான வெள்ளைத் துணி ஒன்றை இழுத்துக்கொண்டே நடந்து போய், கையெழுத்துப் படியை அந்தத் துணியிலேயே சுற்றிக் கட்டிக் கொடுத்தார். நோபல் பரிசெல்லாம் அதற்கு ஐந்து ஆண்டு கழித்து. ஆஸ்லோவின் பொது நூலகத்தில் 2022 முதல் இதற்கென்று மரத்தால் ஆன ஒரு சின்ன அறை இருக்கிறது, சுவரில் நூறு அடுக்கு, அடுக்குக்கு ஒரு கண்ணாடி இழுப்பறை. வெளியே தெரிவது பெயரும் தலைப்பும்தான்.

வேலை இல்லாத ஒரு மத்தியானம் ஹான் காங்கின் அந்தப் புத்தகத்துக்குப் பழைய முறையில் ஓர் அட்டவணை அட்டை எழுதிப் பார்த்தேன். ஆசிரியர், எழுதியாயிற்று. தலைப்பு, 'டியர் சன், மை பிலவ்ட்'. வெளியீடு, ஆஸ்லோ, 2114. அடுத்த வரியில் "பக்கங்கள்" என்று எழுதி, அதற்கு முன்னால் மூன்று இலக்கத்துக்கு இடம் விட்டேன். மெலிந்த புத்தகமாக இருந்தால் இரண்டே போதும்.